பாக்கெட் யார் பொறுப்பில்?

(சிதம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'இன்டர்நெட்டின் எதிர்காலம்' என்று தலைப்பு வைத்தால் கூட்டம் சேரும் என்று யோசனை சொன்னார்கள். எதிர்காலத்தைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். இன்டர்நெட்டில் போகும் தரவுத் துண்டான ஒரு பாக்கெட், கணினிக்குள் இருக்கும் நேரமெல்லாம் எந்த நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது, அந்த இடத்துக்கு யார் பொறுப்பு என்பது மட்டுமே இன்றைய பேச்சு.

நெல்லிக்குப்பத்திலிருந்து தொடங்குகிறேன். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே இருக்கும் அந்த ஊரைச் சர்க்கரை ஆலையால் எல்லோருக்கும் தெரியும். 2000-களின் தொடக்கத்தில் இ.ஐ.டி. பாரி நிறுவனம் ஆலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கரும்பு விவசாயிகளுக்காக இன்டர்நெட் மையங்களைத் திறந்தது. 'இண்டியாகிரிலைன்' என்று அதற்குப் பெயர். கிராமம் வரை கேபிள் இழுக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா முறைதான் இணைப்பு. தொலைபேசியில் பேசிக்கொண்டே நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இன்டர்நெட்டும் பார்க்கலாம். பேச்சு இல்லாதபோது 70 கிலோபிட். இன்றைக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு டெலிபோனே எட்டாத ஊர்களுக்கு அது பெரிய காரியம்.

அந்த வேகத்தில் ஒரு கணக்குப் போடலாம். ஈத்தர்நெட் வழக்கப்படி ஒரு பாக்கெட்டில் 1,500 பைட், அதாவது 12,000 பிட் போகும். 35 கிலோபிட் வழியில் அதை அனுப்பி முடிக்க 0.34 நொடி ஆகும். முன்னால் பத்து பாக்கெட் நின்றால் அடுத்து வருவது மூன்றரை நொடி காத்திருக்கும். நூறு நின்றால் 34 நொடி. லினக்ஸ் இயங்குதளம் தன் ஈத்தர்நெட் இடைமுகத்துக்கு வெகுகாலமாக வைத்திருக்கும் இயல்பு வரிசை நீளம் 1,000 பாக்கெட். அந்த ஆயிரத்தை இந்த வழிக்கு முன்னால் நிறுத்தினால், கடைசியில் நிற்பதற்கு முறை வர ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். நல்லவேளையாக, மோடம் போன்ற வழிகளுக்கான பிபிபி இடைமுகத்தில் வரிசை நீளத்தை மூன்று என்று வைத்திருக்கிறார்கள். இயங்குதளத்தின் கருவான ஒரே கெர்னலில் ஓரிடத்தில் மூன்று, இன்னோரிடத்தில் ஆயிரம்.

வரிசை நீண்டால் தாமதம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அனுப்பியதற்கு ஒப்புகை வராவிட்டால், அது தொலைந்துவிட்டது என்று, தரவு போய்ச் சேர்வதற்குப் பொறுப்பான டிசிபி நெறிமுறை முடிவு கட்டும். இன்டர்நெட் நெறிமுறைகளைச் சொல்லும் ஆவண வரிசையில் 2000-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2988 தொடக்கத்தில் மூன்று நொடி பொறுக்கச் சொன்னது. 2011-இல் வந்த 6298 அதை ஒரு நொடியாகக் குறைத்தது. நம் பாக்கெட் தொலையவே இல்லை, சொந்தக் கணினியின் வரிசையிலேயே நிற்கிறது. டிசிபிக்கு அது தெரியாது. இன்னொரு பிரதியை எடுத்து அதே வரிசையின் வாலில் சேர்க்கும். ஏற்கெனவே நெரிசல், அதில் தேவையில்லாத இரட்டை வேறு.

டிசிபிக்கு ஏன் தெரியாது? வலைப்பின்னல் மென்பொருளை அடுக்கடுக்காகப் பிரித்து, கீழ் அடுக்கில் நடப்பது மேல் அடுக்குக்குத் தெரியக் கூடாது என்றுதானே நாம் சொல்லிக்கொடுக்கிறோம். 'ஏழு அடுக்குகளையும் படத்துடன் விளக்குக' என்பது நம் பொறியியல் கல்லூரிகளில் எத்தனையோ தலைமுறை எழுதித் தேறிய பதினாறு மதிப்பெண் கேள்வி. நானும் திருத்தியிருக்கிறேன். எல்லாத் தாளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு பெட்டி, நடுவே ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஓர் அடுக்கு அடுத்ததற்குப் பாக்கெட்டைக் 'கொடுக்கிறது' என்றால் என்ன கொடுக்கிறது? பைட்டுகளையா, பைட்டுகள் இருக்கும் முகவரியையா? கொடுத்த பிறகு அது யாருடையது?

படத்தை அப்படியே நம்பி நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். செயலி 1,460 பைட் தருகிறது. டிசிபி 'ஹெட்டர்' என்ற தன் 20 பைட் தலைப்பை முன்னால் சேர்க்க வேண்டும். முன்னால் இடமில்லை. ஆகவே புதிதாக இடம் ஒதுக்கி, தலைப்பை எழுதி, 1,460 பைட்டையும் பின்னால் நகலெடுக்கிறது. அதற்குக் கீழ் அடுக்கான ஐபி இன்னொரு 20 பைட்டுக்காக அதையே மறுபடி செய்கிறது. ஈத்தர்நெட் 14 பைட்டுக்காக மூன்றாம் முறை. மொத்தம் 54 பைட் சேர்ப்பதற்காக நாலாயிரத்துச் சொச்சம் பைட் இடம் மாறியிருக்கிறது. நினைவகத்திலிருந்து படித்து நினைவகத்துக்கே எழுதும் இந்த வேலைதான் செலவு. தலைப்பைக் கணக்கிடுவது அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

எம்.ஐ.டி.யின் டேவிட் கிளார்க் இதை 1982 ஜூலையிலேயே ஆர்.எஃப்.சி. 817-இல் எழுதிவிட்டார். அடுக்கடுக்காகப் பிரித்துச் சிந்திப்பதையும், இயங்குதளத்துக்குள் அதே கோடுகளில் நிரலைத் துண்டாடுவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. நம் பாடத்திட்டத்தில் முதல் பாதி இருக்கிறது, இரண்டாம் பாதி இன்னும் வந்து சேரவில்லை.

பெர்க்லியின் பி.எஸ்.டி. யூனிக்ஸ் இதற்குக் கண்ட வழி 'எம்பஃப்'. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. 1990-களில் ஸ்டீவன்ஸும் ரைட்டும் வரிவரியாக விளக்கிய பதிப்பில், ஓர் எம்பஃப் 128 பைட். அதில் 20 பைட் தன் சொந்தக் கணக்குக்கு, மீதி 108 சரக்குக்கு. பெரிய சரக்கு வந்தால் 2,048 பைட் கொண்ட 'கிளஸ்டர்' ஒன்றைத் தனியாக எடுத்து, எம்பஃப் அதைச் சுட்டிக்கொண்டிருக்கும். பல எம்பஃப்களைச் சங்கிலியாகக் கோத்தால் ஒரு பாக்கெட். தலைப்பு சேர்க்க வேண்டுமா, சங்கிலியின் முன்னால் இன்னொரு கண்ணியைக் கோத்தால் போதும். தலைப்பை நீக்க வேண்டுமா, தொடக்கச் சுட்டியை நகர்த்தி நீளத்தைக் குறைத்தால் போதும். சரக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதற்கும் விலை உண்டு. ஐபி தலைப்பின் 20 பைட்டும் ஒரே எம்பஃபில் இருக்கும் என்று உறுதி இல்லை. பாதி ஒன்றில், பாதி அடுத்ததில் விழலாம். அதனால் ஒவ்வோர் அடுக்கும் தலைப்பைப் படிப்பதற்கு முன் 'புல்லப்' என்ற செயல்கூற்றைக் கூப்பிட்டு, வேண்டிய பைட்டுகளை ஒரே இடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூப்பிட மறந்தால் சோதனையில் எல்லாம் சரியாக ஓடும், ஏதோ ஒரு நாள் விநோதமான அளவில் ஒரு பாக்கெட் வரும்போது கெர்னல் விழும்.

லினக்ஸ் வேறு வழி பிடித்தது. அதன் பாக்கெட் அமைப்புக்கு 'எஸ்கே-பஃப்' என்று பெயர். ஒரே தொடர்ச்சியான இடம், அதன்மேல் நான்கு சுட்டிகள்: ஹெட், டேட்டா, டெயில், எண்ட். ஹெட்டும் எண்டும் ஒதுக்கிய இடத்தின் இரு எல்லைகள். டேட்டாவும் டெயிலும் இப்போது பாக்கெட் இருக்கும் பகுதியின் இரு எல்லைகள். முதலில் 'ரிசர்வ்' செய்கிறோம். டேட்டாவும் டெயிலும் சேர்ந்து உள்ளே தள்ளிப்போக, முன்பக்கம் காலியிடம் பிறக்கிறது. 'புட்' செய்தால் டெயில் பின்னால் நகர்ந்து சரக்குக்கு இடம் தரும். 'புஷ்' செய்தால் டேட்டா 20 பைட் முன்னால் வரும், அங்கே டிசிபி தன் தலைப்பை எழுதும். இன்னொரு புஷ், ஐபி. இன்னொரு புஷ், ஈத்தர்நெட். பெறும் பக்கத்தில் 'புல்', 'புல்' என்று டேட்டா பின்னால் போகும். ஒரு பைட்டும் இடம் மாறவில்லை.

முதலில் ரிசர்வ் செய்தவர் யார் என்று கேளுங்கள். டிசிபி. எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? தனக்குக் கீழே ஐபி இருக்கிறது, அதற்குக் கீழே இன்ன வகை இடைமுகம் இருக்கிறது, எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவு வேண்டும் என்று அது முன்கூட்டியே கணக்கு வைத்திருக்கிறது. பதினாறு மதிப்பெண் படத்தின்படி இது விதிமீறல். இந்த விதிமீறல் இல்லாமல் வேகம் இல்லை. ஊகம் தவறினால் தண்டனையும் உண்டு. நடுவில் யாராவது வி.பி.என். ஒன்றைச் செருகினால் கூடுதல் தலைப்புக்கு விட்ட இடம் போதாமல் போகலாம். அப்போது புதிதாகப் பெரிய இடம் ஒதுக்கி, சரக்கை அங்கே நகலெடுக்க வேண்டியதுதான்.

அதே அமைப்புக்குள் 48 பைட் அளவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. 'சிபி' என்பார்கள். பாக்கெட் இப்போது எந்த அடுக்கின் கையில் இருக்கிறதோ அந்த அடுக்கு தன் குறிப்பை அதில் எழுதிக்கொள்ளலாம். அடுத்த அடுக்கு அதை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதும். யார் எழுதினார்கள் என்ற அடையாளம் ஒன்றும் அதில் கிடையாது. கீழ் அடுக்கு எழுதிய எண்ணை ஐபி தன் விருப்பத்தேர்வுகளின் நீளம் என்று நினைத்துப் படித்து, கெர்னலின் 'ஸ்டாக்' நினைவகத்தையே கெடுத்த பிழைகள் லினக்ஸில் பலமுறை கண்டுபிடித்துத் திருத்தப்பட்டிருக்கின்றன. பொறுப்பு கைமாறுகிறது என்று நான் உவமைக்காகச் சொல்லவில்லை, இந்த 48 பைட்டில் கண்ணால் பார்க்கலாம்.

விடுவிக்கும் பொறுப்பு இன்னும் சிக்கல். டிசிபி பாக்கெட்டைக் கீழே அனுப்பிவிட்டு மறந்துவிட முடியாது. ஒப்புகை வரும் வரை மறு அனுப்பலுக்காகப் பிடித்து வைத்திருக்க வேண்டும். வலை அட்டையை இயக்கும் டிரைவரும், அட்டை அனுப்பி முடித்ததாகச் சொல்லும் வரை அதே இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். இருவரும் தனித்தனி நகல் வைத்தால் செலவு இரட்டிப்பு. ஆகவே லினக்ஸ் 'க்ளோன்' எடுக்கிறது. கணக்குத் தாள் இரண்டு, சரக்கு ஒன்று, அதன்மேல் எத்தனை பேர் கை வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை ஒன்று. எண்ணிக்கை பூச்சியமானால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். முன்பு சொன்ன வீண் இரட்டைப் பிரதிக்கும் மருந்து இதில்தான் கிடைத்தது. மறு அனுப்பலுக்கு முன் இன்றைய டிசிபி, முன்பு கொடுத்த க்ளோன் இன்னும் இதே கணினியின் வரிசையில் நிற்கிறதா என்று பார்க்கிறது. நின்றால் பொறுத்துக்கொள்கிறது. கீழே எட்டிப் பார்க்கக் கூடாது என்ற கொள்கையை இங்கேயும் கைவிட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

அனுப்புவதைவிடப் பெறுவது கடினம். அனுப்புபவன் நிற்கலாம், பெறுபவன் வருவதை நிறுத்த முடியாது. வலை அட்டைக்கு முன்கூட்டியே காலி இடங்களை ஒரு வளையமாகக் கொடுத்து வைக்கிறோம். என்ன அளவில் வரும் என்று தெரியாததால் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 2,048 பைட். அதில் 60 பைட் பாக்கெட் ஒன்று வந்து உட்கார்ந்தாலும் 2,048 பைட்டும் போனதுதான். செயலியின் இணைப்பு முனையான சாக்கெட்டின் வரம்பைக் கணக்கிடும்போது சரக்கின் நீளத்தைப் பார்க்காமல், உண்மையில் பிடித்திருக்கும் இடத்தை லினக்ஸ் எண்ணுவது இதனால்தான். 'ட்ரூசைஸ்' என்று அதற்குப் பெயர். சின்னச் சின்னப் பாக்கெட்டாக வந்து வரம்பு மீறும்போது, பலவற்றின் சரக்கை எடுத்து ஒன்றாக நெருக்கி அடுக்கும் வேலையும் நடக்கும். இவ்வளவு நேரம் நகலெடுப்பதைத் திட்டிக்கொண்டிருந்தேன், இங்கே நகல்தான் காப்பாற்றுகிறது.

இடம் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதை இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்திலேயே பார்த்துவிட்டார்கள். அங்கே ஒரு செய்தியை அதிகபட்சம் எட்டுப் பாக்கெட்டாக வெட்டி அனுப்புவார்கள், சேருமிடத்திலுள்ள ஐ.எம்.பி. என்ற சிறு கணினி சேர்த்துக் கொடுக்கும். பல செய்திகள் ஒரே நேரத்தில் வந்து, எல்லாமே அரைகுறையாகச் சேர்ந்து, இடம் முழுதும் நிறைந்துவிட்டால்? எந்தச் செய்தியையும் முடிக்கத் தேவையான கடைசிப் பாக்கெட்டுக்கு இடம் இல்லை. முடியாததால் எதையும் விடுவிக்கவும் முடியாது. ராபர்ட் கானும் வில்லியம் க்ரௌதரும் 1972-இல் இந்த முடக்கத்தை விவரித்தார்கள். பெரிய செய்தி அனுப்புவதற்கு முன் எதிர்ப்பக்கம் இடம் கேட்டு வாங்கிக்கொள் என்பது தீர்வாக அமைந்தது. இன்றைய ஐபி அப்படிக் கேட்பதில்லை. அதனால் லினக்ஸ், துண்டாக்கி அனுப்பப்பட்ட பாக்கெட்டின் சேராத துண்டுகளை 30 நொடிக்கு மேல் வைத்திருப்பதில்லை, மொத்தத்துக்கும் 4 மெகாபைட் என்று இயல்பு உச்சவரம்பு போட்டிருக்கிறது. இந்தத் துண்டு சேர்க்கும் இடத்தையே குறிவைத்து 2018-இல் 'ஃபிராக்மென்ட்ஸ்மாக்' தாக்குதல் வந்தபோது, திருத்தம் வரும் வரை அந்த வரம்பைக் கால் மெகாபைட்டாகக் குறைத்துச் சமாளிக்கச் சொன்னார்கள்.

கைவிடுவது என்று ஆகிவிட்டால், எந்த அடுக்கில் கைவிடுவது? ஜெஃப்ரி மோகலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்த கே.கே. ராமகிருஷ்ணனும் 1996-இல் இதற்குத் தெளிவான விடை சொன்னார்கள். அன்றைய பி.எஸ்.டி.யில் அட்டை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 'இன்டரப்ட்' என்ற இடைமறிப்பு எழுப்பும். டிரைவர் உடனே அதை எடுத்து ஐபியின் வரிசையில் வைக்கும். அந்த வரிசையின் நீளம் 50. வரத்து மிஞ்சினால் இடைமறிப்புக்கே முழு நேரமும் போய்விடும், ஐபிக்கு முறையே வராது. வரிசை நிறைந்து, டிரைவர் பாடுபட்டு எடுத்த பாக்கெட்டுகள் எல்லாம் ஐபியின் வாசலில் கொட்டப்படும். இயந்திரம் நூறு சதவீதம் வேலை செய்யும், வெளியே ஒரு பாக்கெட்டும் வராது. கைவிடுவதானால் உழைப்பைச் செலவிடுவதற்கு முன்பே கைவிடு, அதாவது அட்டையின் வளையத்திலேயே நிரம்பி வழியட்டும் என்றார்கள். லினக்ஸின் 'நாப்பி' இதே வழி வந்தது. நெரிசலில் இடைமறிப்பை அணைத்துவிட்டு, முறைக்கு 64 பாக்கெட் என்று தானே போய் எடுத்து, எடுத்ததை மேல் அடுக்கு வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இப்போது வரிசை நீளத்துக்குத் திரும்புவோம். நினைவகம் விலை குறைந்ததும் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இடம்தான் இருக்கிறதே, ஏன் ஒரு பாக்கெட்டைக்கூடக் கைவிட வேண்டும்? ஜான் நேகிள் 1985-இலேயே ஆர்.எஃப்.சி. 970-இல், எல்லையற்ற நினைவகம் இருந்தாலும் நெரிசல் தீராது என்று காட்டியிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2010-இல் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை அனுப்பும்போது தாமதம் ஒரு நொடியைத் தாண்டுவதைக் கவனித்துத் துருவத் தொடங்கிய பிறகுதான் 'பஃபர் ப்ளோட்', அதாவது பாக்கெட் காத்திருக்கும் இடத்தின் வீக்கம், ஊர் வாயில் விழுந்தது.

இந்தக் கூட்டத்துக்கு இதை விளக்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் வருகிறது. ஏரியின் முழு நீர்மட்டம் 47.5 அடி. ததும்பி நிற்கும் ஏரி கண்ணுக்கு நிறைவுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் மட்டத்தைச் சற்றுக் குறைத்தே வைத்திருப்பார்கள். செங்கால் ஓடை வழியாகத் திடீரென்று வெள்ளம் வந்தால் அதை வாங்கிக்கொள்வது ஏரியில் இருக்கும் தண்ணீர் அல்லவே, காலியாக விட்ட இடம்தானே. பாக்கெட் வரிசையும் அப்படித்தான். திடீர் வரத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரம் வடிந்துவிடும் வரிசை நல்லது. எப்போதும் நிறைந்தே நிற்கும் வரிசையால் யாருக்கும் பயனில்லை, வருகிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அது தாமதத்தை மட்டுமே தருகிறது. டிசிபியோ, பாக்கெட் கைவிடப்பட்டால்தான் வேகத்தைக் குறைக்கும். கைவிடாமல் சேர்த்துக்கொண்டே போனால், நெரிசல் இருக்கும் சேதியே அதற்குப் போய்ச் சேராது.

கேத்லின் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் தந்த 'கோடெல்' நீளத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்தது. வரிசைக்குள் நுழையும்போது பாக்கெட்டில் நேரத்தைக் குறித்துவிடுகிறது. லினக்ஸில் அதைக் குறிப்பது நாம் பார்த்த அதே 48 பைட் இடத்தில்தான். வெளியே எடுக்கும்போது எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லிநொடி முழுதும் காத்திருப்பு 5 மில்லிநொடிக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் கைவிடத் தொடங்குகிறது. 35 கிலோபிட்டோ 10 கிகாபிட்டோ, நேரம் நேரம்தான். ஆனால் மிக மெதுவான வழியில் ஒரு பாக்கெட் போகவே 340 மில்லிநொடி ஆகும்போது 5 மில்லிநொடி இலக்கு பொருந்தாது. அங்கே இலக்கைத் தளர்த்த வேண்டும்.

கோடெல்லை மட்டும் வைத்தால் வேலை முடிந்துவிடவில்லை. ஒரு லினக்ஸ் கணினியில் அனுப்பும் பாக்கெட் எங்கெல்லாம் நிற்கும் தெரியுமா? சாக்கெட்டில் நிற்கும், கோடெல் காவல் காக்கும் நடு வரிசையில் நிற்கும், டிரைவரின் வளையத்தில் நிற்கும், அதற்கப்பால் மோடத்துக்குள்ளும் நிற்கும். நடு வரிசையில் எவ்வளவு கண்டிப்பு காட்டினாலும், கீழே டிரைவர் வளையம் 256 பாக்கெட்டை அள்ளிப் போட்டுக்கொண்டால் நடுவில் எதுவும் நிற்காது. கோடெல்லுக்கு எல்லாம் சுமுகமாகவே தெரியும். ஆகவே 2012-இல் மூன்று திருத்தங்கள் அடுத்தடுத்து வந்தன. லினக்ஸ் 3.3-இல் டாம் ஹெர்பர்ட்டின் 'பைட் க்யூ லிமிட்ஸ்' டிரைவர் வளையத்துக்குப் பைட் கணக்கில் கடிவாளம் போட்டது. 3.5-இல் கோடெல் வந்தது. 3.6-இல் எரிக் டுமாஸேயின் 'டிசிபி ஸ்மால் க்யூஸ்', ஓர் இணைப்பு கீழே தள்ளிவிட்டுக் காத்திருக்கும் சரக்கின் அளவைச் சுருக்கியது. மூன்றில் எதை எடுத்துவிட்டாலும் மற்ற இரண்டும் பாதிப் பயன்தான் தரும். என் பேச்சின் மையம் இந்த ஓர் ஆண்டுக்குள் இருக்கிறது என்று சொல்வேன். பஃபரை எந்த ஓர் அடுக்கும் தனியாக நிர்வகிக்க முடியாது. கெர்னல் அதை மேலிருந்து கீழ்வரை ஒரே சொத்தாகப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

இதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும் வேலை என்று மாணவர்கள் நினைக்க வேண்டாம். 2020-இல் வெளியான லினக்ஸ் 5.6-இல் 'எஃப்க்யூ-பை' என்ற வரிசை மேலாண்மை முறை சேர்ந்தது. அதைக் கெர்னலுக்குக் கொண்டுபோனவர்கள் கர்நாடகத்தில் சூரத்கல் என்.ஐ.டி.யின் மோஹித் தஹிலியானியும் அவருடைய மாணவர்களும். பி.டெக். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களால் முடிகிற வேலை இது.

பஃபரைக் குறைப்பதே நல்லது என்று எடுத்துக்கொண்டால் அதுவும் தப்பு. உதாரணத்துக்கு, 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. புவியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம். கேட்டு, பதில் வாங்கி வர நான்கு முறை அந்தத் தொலைவைக் கடக்க வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் 0.48 நொடி. பழைய டிசிபியில் ஒப்புகை இல்லாமல் அனுப்பக்கூடிய உச்ச அளவு 65,535 பைட். அப்படியானால் அரை நொடிக்கு 64 கிலோபைட், அதாவது நொடிக்கு 1.1 மெகாபிட்டுக்கு மேல் ஓர் இணைப்பால் போகவே முடியாது. 10 மெகாபிட் வழியை வாடகைக்கு எடுத்தாலும் இதே கதைதான். அதை நிரப்ப இருபுறமும் 600 கிலோபைட் இடம் வேண்டும். 1992-இல் ஆர்.எஃப்.சி. 1323 அந்த வரம்பை உடைத்தது. சாக்கெட்டில் பெரிய இடம், வழியிலுள்ள வரிசைகளில் சிறிய இடம். இரண்டையும் 'பஃபர்' என்ற ஒரே பெயரில் அழைத்து, ஒரே குமிழைத் திருகிச் சரிசெய்யப் பார்க்கும் நிர்வாகிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்து பாருங்கள். ஒரு லேப்டாப்பில் பிங் ஓட விடுங்கள். அதே இணைப்பில் பெரிய வீடியோ ஒன்றை மேலேற்றுங்கள். 30 மில்லிநொடி காட்டிய பிங் ஆயிரத்தைத் தாண்டினால் உங்கள் வீட்டுப் பெட்டியில் வரிசை வீங்கியிருக்கிறது. லினக்ஸ் இருந்தால் 'டிசி' கட்டளையில் நடு வரிசையின் நிலை தெரியும், 'எஸ்எஸ்' கட்டளையில் ஒவ்வொரு சாக்கெட்டும் பிடித்திருக்கும் நினைவகம் தெரியும், 'ஈத்டூல்' அட்டை வளையத்தின் அளவைச் சொல்லும். ஏழு பெட்டிப் படம் வரைவதற்குப் பதில், இந்த மூன்றையும் ஓட்டிக் காட்டி, எந்த எண் எந்த அடுக்கின் பொறுப்பு என்று சொல்லச் சொன்னால் செய்முறைத் தேர்வு எவ்வளவு உருப்படியாக இருக்கும்! பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, பொறுப்பு இப்போது கெர்னலுக்கு வெளியிலும் வந்துவிட்டது. செயலியின் இடத்திலிருந்து கெர்னலின் இடத்துக்கு ஒரு நகல் எப்போதும் நடந்துகொண்டிருந்தது. 2017-இல் லினக்ஸ் 4.14 அதையும் தவிர்க்கும் வழி ஒன்றைத் தந்தது. 'ஜீரோ காப்பி' என்று கேட்டு அனுப்பினால், கெர்னல் உங்கள் பக்கங்களையே பிடித்து வைத்துக்கொண்டு அங்கிருந்தே அட்டைக்குக் கொடுத்துவிடும். 10 கிலோபைட்டுக்குக் குறைந்த சரக்குக்கு இதனால் பெரிய லாபமில்லை, பக்கங்களைப் பிடித்து வைப்பதற்கே அவ்வளவு செலவாகிவிடும். பெரிய கோப்புகளுக்கு லாபம் உண்டு. ஆனால் அனுப்பும் அழைப்பு திரும்பி வந்துவிட்டது என்பதற்காக அந்த இடம் உங்களுடையது ஆகிவிடாது. சாக்கெட்டின் பிழை வரிசையில் 'முடிந்தது' என்ற அறிவிப்பு வரும் வரை அது கெர்னலின் கையில் இருக்கிறது. பொறுமை இல்லாமல் அதில் அடுத்த சரக்கை எழுதினீர்கள் என்றால், முதல் முறை போன பாக்கெட்டில் ஒன்றும், மறு அனுப்பலில் வேறொன்றும் போகும். செக்சம் கணக்கை அட்டை அனுப்பும் நேரத்தில் போடுவதால் இரண்டுமே எதிர்ப்பக்கம் சரியென்று தேறிவிடும். கோப்பு கெட்டிருக்கும், எந்த அடுக்கும் பிழை என்று சொல்லாது.